குழாய் எங்கே கசியும்? – பிளாஸ்டிக் இணைப்பின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு பிளம்பிங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சின்னச் செலவை மிச்சப்படுத்தப் போய்ப் பெரிய நஷ்டக் கணக்கில் முடிந்த கதை ஒன்று இதற்குள் இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

வீட்டில் எங்காவது தண்ணீர் சொட்டினால் கவனித்துப் பாருங்கள். குழாயின் நடுவில் ஓட்டை விழுவது குறைவு. எல்போ, டீ, கப்ளிங் என்று இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். ஆகவே குழாயின் வரலாறு என்பது பாதிக்கு மேல் இணைப்பின் வரலாறுதான்.

இரும்புக் குழாய்க்கு மரை வெட்டி, சணல் சுற்றி, பெயிண்ட் தடவி முறுக்குவார்கள். மரை வெட்டிய இடத்தில் இரும்பு மெலிந்துவிடும், துருவும் அங்கேதான் சீக்கிரம் தின்னும்.

பிறகு வந்தது பி.வி.சி. 1872-ல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஜென் பௌமன், வினைல் குளோரைடு வாயு இருந்த குடுவையில் வெயில் பட்டதும் வெள்ளையாக ஒரு பொருள் படிந்ததைக் கண்டார். அதுதான் பி.வி.சி. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ பி.வி.சி.யை ரப்பர் போல வளைய வைக்கும் வழி! அப்படி மென்மையாக்காத கெட்டியான பி.வி.சி.யில் 1930களில் ஜெர்மனியில் தண்ணீர்க் குழாய்கள் செய்தார்கள்.

இந்தக் குழாய் வீடு வீடாகப் பரவியதற்கு விலை மட்டும் காரணமல்ல. கடையில் 'சொல்யூஷன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஒரு முக்கியக் காரணம். பலரும் அதைப் பசை என்று நினைக்கிறார்கள். பசை இரண்டு பரப்புக்கும் நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும். சொல்யூஷன் அப்படியல்ல, அது இரண்டு பரப்பையும் லேசாகக் கரைக்கிறது. கரைந்த பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. அதனால்தான் குழாயை நேராக வெட்ட வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும், ஈரம் துடைக்க வேண்டும், இரண்டு பக்கமும் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். உடனே தண்ணீர் திறந்துவிட்டால், கலந்தது இறுகும் முன்பே அழுத்தம் அதைப் பிரித்துவிடும். வெந்நீர்க் குழாய்க்கு வந்த சி.பி.வி.சி.யும் இதே முறைதான், ஆனால் அதற்குரிய சொல்யூஷனைத்தான் போட வேண்டும்.

இனி அந்த நஷ்டக் கணக்கு. 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற வளையும் குழாயைப் போட்டார்கள். செம்பை விட மலிவு, வேலையும் சுலபம். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் பி.வி.சி. போலச் சொல்யூஷனில் கரையாது. எனவே குழாய்க்குள் ஃபிட்டிங்கைச் செருகி, மேலே உலோக வளையத்தை மாட்டி நெரித்தார்கள். அந்த ஃபிட்டிங்குகளில் பல அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. நகராட்சித் தண்ணீரில் கலக்கும் குளோரின் அசிட்டாலை மெல்ல மெல்ல நொறுங்கும்படி செய்தது. குழாயையும் அது விடவில்லை. சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் கசிவுகள், வழக்குகள்! கடைசியில் 1995-ல், மூலப்பொருள் தயாரித்த ஷெல், ஹோக்ஸ்ட் செலனீஸ் போன்ற நிறுவனங்கள் ஒரு கூட்டு வழக்கில் 95 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

கணக்குப் பாடத்தில் சொத்து ஒரு பக்கம், பொறுப்பு மறுபக்கம் என்று எழுதுவோம். மலிவான குழாய் முதலில் லாபமாகத்தான் தெரிந்தது. பொறுப்பு மட்டும் இணைப்புக்குள் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது. வீடு கட்டும்போது குழாய் என்ன விலை என்று எல்லோரும் கேட்கிறோம். எப்படி இணைக்கிறீர்கள் என்றும் பிளம்பரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் நண்பர்களே. சுவரைப் பூசிய பிறகு கேட்டுப் பயனில்லை!