காஞ்சியும் நாராவும்: அரசுரிமையில் பெண்வழி

மாமல்லபுரத்துக் குன்றின் மேற்குப் புறத்தில் உள்ள ஆதிவராகர் குடைவரையில் இரண்டு அரசர்களின் உருவங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் நின்ற கோலத்தில் தேவியின் கையைப் பற்றியவாறு கருவறைப் பக்கம் சுட்டுகிறார். இருவர் தலைக்கு மேலும் பெயரும் பட்டமும் பொறிக்கப்பட்டுள்ளன: ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன். ஒவ்வோர் அரசரோடும் இரண்டு தேவியர் நிற்கின்றனர். அந்நால்வரில் ஒருவருக்கேனும் பெயர் எழுதப்படவில்லை. பெயருள்ள இருவரும் எந்தத் தலைமுறையைச் சேர்ந்த பல்லவர் என்று அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர். பெயரில்லாத நால்வரைப் பற்றி வாதிடுவதற்கு எதுவும் இல்லாமற் போயிற்று.

அதே குடைவரையில் திருமகளும் கொற்றவையும் முழு அழகோடு விளங்குகின்றனர். அரசச் செல்வத்தைத் திருமகளாகவும், வெற்றியைக் கொற்றவையாகவும், நிலத்தை மடந்தையாகவும் பாடிய மரபு நம்முடையது. அரசின் உறுப்புகளையெல்லாம் பெண்ணாகக் கண்ட அந்த மரபு, அரியணையைப் பெண்ணுக்கோ, பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கோ கொடுத்ததா? அணுபுரத்திலிருந்து அண்மையில் இருக்கும் மாமல்லையும் காஞ்சியும் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. அவ்விடை இன்று ஜப்பான் நாட்டு மன்றங்களில் நடக்கும் வாதத்தோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது.

கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மனுக்குப் பின் அவன் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் காஞ்சியை ஆண்டான். ஆட்சி நீடிக்கவில்லை. கி.பி. 731 அளவில் அவன் மறைந்தபோது அரியணை வெறுமையாயிற்று. அடுத்து நடந்ததைக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர்கள் படிப்படியாகக் காட்டுகின்றன. அக்கோயிலை எழுப்பியவனே அக்கதையின் நாயகனான இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன். ஆகையால் வென்றவன் சொன்ன கதை இது என்பதை மறவாமல் சிற்பங்களைப் பார்க்க வேண்டும்.

பரமேசுவரன் விண்ணுலகு எய்தியபின் நாடு சீர்குலைந்தது. மாத்ரரும், மூலப்பிரகிருதியாரும், கடிகையாரும் ஒன்று கூடினர். கடிகையென்பது காஞ்சியின் பெருங்கல்விக் கழகம். அரசனைத் தேடும் பணியில் கற்றோருக்கும் பங்கிருந்தது என்பது புலவர் அவையொன்றின் மலரில் நினைவுகூரத் தக்கது. இக்குழுவினர் இரணியவர்ம மகாராசனை நாடிச் சென்றனர். இரணியவர்மன் தன் மக்கள் நால்வரையும் அழைத்து வினவினான். ஸ்ரீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் மறுத்தனர். கடைக்குட்டியான பல்லவமல்லன் 'யான் போவேன்' என்று முன்வந்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. பாலகனை அனுப்பத் தந்தை தயங்கினான். முதியவர் ஒருவர் தேற்றினார். காஞ்சியினர் சுமந்து சென்றவற்றை யானைத் தலைகளோ என்று எண்ணி மயங்கியவர்களிடம், அவை யானைத் தலைகளல்ல, இப்பிள்ளைக்குரிய மகுடங்கள் என்று விளக்கப்பட்டதாம். பன்னிரண்டு வயதுத் தலைக்கு அத்துணைப் பெரிய மகுடம்! பிள்ளை மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து காஞ்சி வந்து முடிசூடினான். அவன் கடல் கடந்து வந்தான் என்று சிலர் எழுதியுள்ளனர். சிற்பங்களை மட்டும் கொண்டு அவ்வளவு தூரம் செல்வது மிகை.

இந்தப் பிள்ளைக்குக் காஞ்சியின் மேல் என்ன உரிமை? காரைக்காலை அடுத்துக் கிடைத்த காசாக்குடிச் செப்பேடு, நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பெற்றது. அது தெளிவாகவே சொல்கிறது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன். அவன் வழியில் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியன், பின் நந்திவர்மன். அதாவது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பிரிந்துபோன தாயாதிக் கிளை. குடிமக்கள் அவனைத் தேர்ந்தனர் என்றும் அச்செப்பேடு சேர்க்கிறது. இறந்த மன்னனுக்கு மகள் உண்டா, உடன்பிறந்தாள் உண்டா, அவர்கள் வயிற்றில் ஆண்மகவு உண்டா என்ற வினாவே எழுந்ததாகத் தெரியவில்லை. ஆறு தலைமுறைக்கு அப்பாலிருந்த ஆண்வழி நெருக்கமாகத் தோன்றியது. அரண்மனைக்குள் இருந்த பெண்வழி கண்ணிலேயே படவில்லை.

இதனினும் சுவையானது உதயேந்திரச் செப்பேடு. அது இதே நந்திவர்மனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்றே பாடுகிறது! இன்று கிடைப்பது பிற்காலப் படி என்பர். ஆயினும் ஓர் அரசனுக்கு இரண்டு தந்தையர் வாய்த்த செய்தி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அச்செப்பேடே சித்திரமாயன் என்ற வேறொரு பல்லவனைப் படைத்தலைவன் உதயசந்திரன் கொன்றதையும் பெருமையோடு கூறுகிறது. வாரிசே இல்லாமையால் பிள்ளையைத் தேடிப் போனோம் என்ற சிற்பக் கதைக்கும், அரியணைக்குப் போட்டியிட்ட பல்லவனைக் கொன்றோம் என்ற செப்பேட்டுக்கும் இடையே ஒரு மௌனம் கிடக்கிறது. 'அறுபடாத ஆண்வழி' என்பது பெரும்பாலும் குருதியால் ஆனதன்று. மெய்க்கீர்த்தி வரைந்த புலவனின் எழுத்தாணியால் ஆனது.

காஞ்சி இவ்வாறு ஆண்பிள்ளையைத் தேடி அலைந்த அதே காலத்தில், ஆசியாவின் கீழ்க்கோடியில் நிலைமை வேறாக இருந்தது. ஜப்பானில் 707இல் கெம்மெய் என்னும் பேரரசி அரியணை ஏறினார். 710இல் தலைநகரை நாராவுக்கு மாற்றியவர் அவரே. 715இல் அவர் தம் மகள் கென்ஷோவிடம் அரசை ஒப்படைத்தார். கென்ஷோ 724 வரை ஆண்டார். தாய்க்குப் பின் மகள் என்னும் முறை அந்நாட்டு வரலாற்றில் அந்த ஒரு முறைதான் நிகழ்ந்தது. அதன்பின் கோக்கென் என்னும் பேரரசி 749இலும், மீண்டும் வேறு பெயரோடு 764இலும் என இருமுறை முடிசூடினார். 592இல் பட்டமேற்ற சுயிக்கோ முதல் 1770 அளவில் பதவி துறந்த கோ-சகுராமாச்சி வரை எட்டுப் பெண்கள், பத்து ஆட்சிகள்.

ஒரு செய்தி நினைத்து நினைத்து வியக்கத்தக்கது. ஜப்பானிய அரசகுல வரலாற்றின் மூல நூல்கள் இரண்டு. கொஜிக்கி 712இல் கெம்மெய்க்குப் படைக்கப்பட்டது. நிஹோன் ஷோக்கி 720இல், கென்ஷோவின் ஆட்சியில் நிறைவுற்றது. சூரிய தேவதையிலிருந்து இறங்கிவரும் அறுபடாத குலம் என்று பெண்ணுக்கு அரியணை கூடாதென்போர் இன்று எடுத்துக்காட்டும் வரலாறு, இரண்டு பெண்களின் ஆட்சியில் எழுதி முடிக்கப்பட்டது. அக்குலத்தின் மூதாதையாகச் சொல்லப்படும் சூரிய தேவதையும் பெண்ணே.

அந்த நூலிலேயே ஒரு பல்லவமல்லனும் இருக்கிறான். புரெட்சு என்னும் மன்னன் மகப்பேறின்றி இறக்க, 507இல் எச்சிசென் நாட்டிலிருந்து கெயிதாய் அழைத்து வரப்பட்டான். அவன் ஓஜின் என்னும் பழைய மன்னனின் ஐந்தாம் தலைமுறை என்பது நூலின் கூற்று. வந்தவன் இறந்த மன்னனின் உடன்பிறந்தாளை மணந்துகொண்டான். தொலைதூர ஆண்வழியின் உரிமை போதாதென்று அருகிலிருந்த பெண்வழியால் முட்டுக் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண்ணே ஆண்டிருக்கலாமே என்ற எண்ணம் அக்காலத்தாருக்கு எழவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்தறிதல் வேண்டும். பெண் அரியணையில் அமரலாமா என்பது ஒன்று. பெண்ணின் வழியாக உரிமை இறங்கலாமா என்பது மற்றொன்று. ஜப்பானின் எட்டுப் பேரரசியரும் தந்தைவழியில் அரசகுலத்தவர். கென்ஷோவின் தந்தையும் இளவரசனே. ஆகவே தாய்க்குப் பின் மகள் வந்தும் ஆண்வழி முறியவில்லை என்று கணக்குக் காட்டுவர். முதற் கேள்விக்கு எட்டு முறை 'ஆம்' என்ற நாடு, இரண்டாவதற்கு ஒருமுறையும் 'ஆம்' என்றதில்லை. 1889ஆம் ஆண்டின் அரசகுலச் சட்டம் முதற் கேள்வியையும் அடைத்தது. போருக்குப் பின் 1947இல் வந்த புதிய சட்டமும், ஆண்வழியில் பிறந்த ஆணுக்கே அரியணை என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டது. அதே ஆண்டில் 11 கிளைக் குடும்பங்கள் அரசகுலத்திலிருந்து நீக்கப்பட்டன.

விளைவு விரைவில் தெரிந்தது. 1965க்குப் பின் நாற்பதாண்டுகள் அக்குலத்தில் ஆண்மகவு பிறக்கவில்லை. இன்றைய பேரரசர் நருஹிதோவின் ஒரே மகள் ஐகோ 2001இல் பிறந்தார். பிரதமர் கொய்சுமி அமைத்த குழு 2005 நவம்பரில், பெண்ணுக்கும் பெண்வழிக்கும் இடமளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2006 செப்டம்பரில் பேரரசரின் தம்பிக்கு ஹிசஹிதோ என்ற மகன் பிறக்க, சட்டத் திருத்தம் பெட்டிக்குள் போயிற்று. ஒரு குழந்தையின் பிறப்பு ஒரு நாட்டின் சட்ட ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. 2021இல் வந்த மற்றொரு குழுவின் அறிக்கையோ, 1947இல் நீங்கிய குடும்பங்களின் ஆண்களைத் தத்தெடுத்துக் கொள்ளும் வழியையும் முன்வைத்தது. அக்குடும்பங்களும் அரியணைக் கிளையும் பிரிந்தது சுமார் 600 ஆண்டுகளுக்கு முன். பீமவர்மன் கிளையின் ஒன்றரை நூற்றாண்டு இதன் முன் மிகச் சிறியது. கடிகையார் இன்று டோக்கியோவில் அமர்ந்திருந்தால் இவ்வறிக்கையை எளிதில் புரிந்துகொள்வர்.

தமிழகம் முழுவதும் காஞ்சியின் விடையையே ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1070இல் அதிராசேந்திரன் மறைந்தபின் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் தந்தை, வேங்கிச் சாளுக்கியன் இராசராச நரேந்திரன். தாய் கங்கைகொண்ட சோழனின் மகள் அம்மங்கை தேவி. தந்தையைப் பெற்றவளும் முதலாம் இராசராசனின் மகள் குந்தவையே. மனைவி மதுராந்தகியும் சோழன் மகள். ஜப்பானியச் சட்டத்தின் கண்ணில் இவன் சோழனே அல்லன். சோழ குலம் 1070இல் முடிந்தது. தமிழகம் அவ்வாறு கணக்கிடவில்லை. அவன் இராசகேசரி என்ற சோழப் பட்டம் புனைந்தான். அவன் வழியினர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சோழராகவே ஆண்டனர். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் 'இராச பாரம்பரியம்' பாடிச் சூரிய குலத்தை அடுக்கியபின், 'அவதாரம்' என்ற பகுதியில் சோழன் மகள் வயிற்றில் திருமாலே வந்து பிறந்ததாகப் பாடுகிறார். பெண்வழியை மறைக்க அவர் முயலவில்லை. இரவி குலமும் மதி குலமும் கூடி விளங்கியதாக அதையே சிறப்பாக்குகிறார். பல்லவனின் புலவன் தந்தையை மாற்றிச் செய்த வேலையைச் சோழனின் புலவர் தாயைப் போற்றிச் செய்தார். கவிதை வழியாகவும் இதுவே உயர்ந்தது.

ஆனால் அம்மங்கை ஆளவில்லை. அவள் வழியாக உரிமை பாய்ந்தது, அவளிடம் தங்கவில்லை. இரண்டு கேள்விக்கும் ஒருசேர 'ஆம்' என்ற அரசைக் காண வாரங்கல்லுக்குச் செல்ல வேண்டும். காஞ்சி வரை கைப்பற்றிய காகதீயக் கணபதிதேவனுக்குப் பின் மகள் உருத்திரமதேவி 1262 முதல் 1289 வரை ஆண்டாள். அவளுக்குப் பின் மகளின் மகன் பிரதாபருத்திரன் வந்தான். அங்கும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது: சாசனங்களில் அவள் 'உருத்திரதேவ மகாராசன்' என ஆண்பெயர் பூண்டாள். மதுரை நாயக்கர் வரலாற்றில் மங்கம்மாள் பேரனுக்காகவும், மீனாட்சி தத்துப்பிள்ளைக்காகவும் ஆண்டனர். தாயாதியான பங்காரு திருமலை மீனாட்சியை எதிர்த்த பூசலில் 1736இல் அவ்வரசே முடிந்தது.

வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கையில் இக்கேள்வி பின்னர் நீதிமன்றத்திலேயே நின்றது. கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண்மகவின்றி இறந்தார். அண்ணன் வழியினர் சமீனைக் கைக்கொண்டனர். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. 1863இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், சமீன் தந்தை தாமே ஈட்டிய சொத்து. ஆகவே உடன்பிறந்தார் வழிக்கு முன் மனைவிக்கும் மகளுக்கும் உரியது என்று தீர்த்தது. முடியாட்சி மறைந்து சமீனாகச் சுருங்கிய பின்னரே மகளுக்கு அது கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிற்பத் தொகுதியை வரிசைப்படுத்தி, சிதைந்த எழுத்துகளோடு பொருத்தி, நந்திவர்மன் வருகையை முழுமையாக விளக்கியவர் டாக்டர் சி. மீனாட்சி. பல்லவர் கால ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் பற்றிய அவரது நூல் 1938இல் வெளிவந்தது. 1940இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தார். வைகுந்தப் பெருமாள் சிற்பங்களைப் பற்றிய அவரது ஆராய்ச்சியைத் தொல்லியல் துறை 1941இல் அச்சிட்டது. மகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத அச்சுவரை இன்று காண்போர் அனைவரும் அவர் காட்டிய வரிசையிலேயே காண்கின்றனர்.