கையடக்க விளையாட்டுப் பெட்டி: ஒரு சிக்கனத்தின் வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் நீராவிப் பொறியையும் தந்தியையும் வானொலியையும் விரித்துரைப்பர். பிள்ளைகளின் கைப்பொருள்களை அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு காலத்து மக்களின் அறிவையும் பொருள்நிலையையும் விளையாட்டுப் பொருள்களும் நன்கு எடுத்துக்காட்டும். ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் இன்று கடைகளில் கிடைக்கும் கையடக்க வீடியோ கேம் பெட்டிகள், நம் குடியிருப்பு வீடுகள் பலவற்றிலும் புகுந்துள்ளன. பிள்ளைகளுக்குப் பரிசாகச் சிலர் வாங்குகின்றனர். தாம் இளமையில் ஆடிய ஆட்டங்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் ஆசையால் சிலர் வாங்குகின்றனர். இவை வாங்கத்தக்கனவா என்னும் கேள்விக்கு விடை காண விரும்புவோர், இவற்றின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலம்.

தொடக்கம்

ஆட்டங்களை மாற்றி மாற்றிச் செருகி ஆடத்தக்க முதற் கையடக்கப் பெட்டி, 1979-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட மைக்ரோவிஷன் ஆகும். அதன் திரையில் நெடுக்கே 16, குறுக்கே 16 புள்ளிகளே இருந்தன. அஃது ஒரு நல்ல முயற்சி. எனினும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இத்துறையை நிலைநிறுத்தியவர் ஜப்பானியரான குன்பெய் யோகோய். 1889-இல் கியோத்தோ நகரில் சீட்டுக்கட்டுத் தொழிலாகத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனத்தில், சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பேணும் பணியாளராக 1965-இல் சேர்ந்தவர் அவர். பின்னாளில் ஒரு நாள் இரயிலில், அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றை அவர் எண்ணினார் என்பர். அப்பொழுது ஷார்ப், காசியோ ஆகிய நிறுவனங்களிடையே நிகழ்ந்த கால்குலேட்டர்ப் போட்டியால் திரவப் படிகத் திரைகள் மிகவும் மலிந்திருந்தன. அத்திரையைக் கொண்டு 1980-இல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. 1982-இல் அவ்வரிசையில் வந்த டாங்கி காங் ஆட்டத்துக்காக, கூட்டல் குறி வடிவிலான திசைப் பொத்தானையும் யோகோய் அமைத்தார். இன்றைய விளையாட்டுக் கருவிகளில் காணும் திசைப் பொத்தான் அதன் வழித்தோன்றலே.

கேம் பாயின் வெற்றி

முற்றிப் பழகி விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புவதே யோகோயின் கொள்கை. அதன் கனியாக 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் வெளிவந்தது. அதன் விலை 12,500 யென். திரையில் 160-க்கு 144 புள்ளிகள்; வண்ணம் இல்லை, பசுமை கலந்த நான்கு சாயல்களே உண்டு; திரைக்குப் பின் விளக்கும் இல்லை. அதே ஆண்டில் அட்டாரியின் லிங்க்ஸ், 1990-இல் செகாவின் கேம் கியர் ஆகியவை பளிச்சிடும் வண்ணத் திரைகளுடன் போட்டிக்கு வந்தன. அமெரிக்காவில் கேம் பாயின் விலை ஏறக்குறைய 90 டாலர்; லிங்க்ஸின் விலை ஏறக்குறைய 180 டாலர்.

வண்ணமே வெல்லும் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். நடந்தது வேறு. ஒளிவிடும் அத்திரைகள் ஆறு பென்சில் பாட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கே பாட்டரிகளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984-இல் படைத்த டெட்ரிஸ் ஆட்டம் பல நாடுகளில் அதனுடன் சேர்த்தே விற்கப்பட்டது; சிறுவர் மட்டுமன்றிப் பெரியோரும் அதில் ஈடுபட்டனர். வளைகுடாப் போரில் குண்டுவீச்சினால் மேலுறை உருகிய கேம் பாய் ஒன்று, அதன் பின்னும் இயங்கியது. நியூயார்க்கில் உள்ள அந்நிறுவனத்தின் கடையில் அது நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கேம் பாய்கள் விற்றன.

யோகோய் குறைத்தவை யாவும் ஆடுபவன் இல்லாமலும் இன்புறக்கூடியவை. பொத்தானின் உறுதியையும் பாட்டரியின் உழைப்பையும் அவர் குறைக்கவில்லை. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இன்றைய மலிவுப் பெட்டிகளையும் இவ்வளவுகோல் கொண்டே நாம் அளத்தல் வேண்டும்.

இன்றைய பெட்டிகள்

1990-களில் நம் நாட்டு வீடுகளில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடப்பட்ட பெட்டிகள் பல, 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம் கருவியின் படிகளே. அக்கருவியின் வேலை முழுவதையும் இன்று ஒரே சில்லு செய்துவிடுகிறது. ‘400 ஆட்டங்கள்’ என்று அட்டையில் அச்சிட்டு வரும் மலிவுப் பெட்டியினுள் இருப்பது அத்தகைய சில்லுதான். வண்ணத்திரையும் திரை விளக்கும் உண்டு. பழைய கைப்பேசிகளில் இருந்த வகைப் பாட்டரியையே கழற்றி மாற்றலாம். இவை பாராட்டத்தக்கன. ஆனால், ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுநாள் தொடர இவற்றில் பெரும்பாலும் வழியில்லை. எண்ணிக்கையும் நம்பத்தக்கதன்று, ஒரே ஆட்டம் பெயர் மாறி மீண்டும் வரும். முன்னர்த் திருவிழாக் கடைகளில் விற்ற ‘9999 ஆட்டங்கள்’ பெட்டியிலும் சில ஆட்டங்களே வேகம் மாறி மாறி வந்தமை பலர் அறிந்ததே.

இரண்டாம் வகை, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ளது. 2001-இல் கொரியாவில் வந்த ஜிபி32, 2009-இல் சீனத்தில் வந்த டிங்கூ ஏ320 ஆகியவற்றின் வழியில் வந்த சிறு கணினி இது. பழைய கருவிகளைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் நிரல்கள் இதில் இயங்கும். விரும்பிய இடத்தில் நிறுத்தித் தொடரவும் முடியும். இதனை வாங்குவோர் திரையின் கணக்கைப் பார்க்க வேண்டும். 640-க்கு 480 புள்ளிகள் உள்ள திரையில், கேம் பாயின் ஒவ்வொரு புள்ளியும் சரியாக மும்மடங்காகவும் ஃபேமிகாமின் புள்ளி இருமடங்காகவும் விரியும். படம் தெளிவாக இருக்கும். 320-க்கு 240 புள்ளிகளே உள்ள திரையில் கேம் பாய்ப் படத்தை இருமடங்காக்க உயரம் போதாது. திரையை நிரப்ப இழுத்தால் புள்ளிகள் ஒழுங்கு கெடும்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகளும் உண்டு. டெட்ரிஸ் போன்ற ஆட்டத்தில் கட்டையைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துக. அது வழக்கமான வேகத்தை மீறித் திடீரென விரைந்து கீழே விழுமாயின் திசைப் பொத்தான் பழுதுடையது. பொத்தானை அழுத்தியவுடன் உருவம் தாவுகிறதா, தயங்குகிறதா என்று நோக்குக. பாட்டரியை மாற்ற இயலுமா, பெட்டியின் மேல் செய்தவர் பெயர் உளதா என்பனவற்றையும் காண்க.

உரிமையும் காப்பும்

இனி ஒன்று கூறாமல் விடலாகாது. எமுலேட்டர் நிரல்கள் பல, ஆர்வலர்கள் உழைத்து எழுதி உலகுக்கு இலவசமாக அளித்தவை. ஆனால் வணிகர்கள் அட்டையில் நிரப்பித் தரும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் பெரும்பாலும் உரிமையாளரின் இசைவு பெறாதவை. இது முறையன்று. மற்றொரு பக்கம், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உரிமையாளர் விற்கவுமில்லை, நூலகங்கள் எளிதில் வழங்கவும் இயலவில்லை என்னும் நிலையில், ஒரு தலைமுறையின் கலைப்படைப்புகள் மறையும் ஆபத்து உளது. ஓலைச்சுவடிகள் செல்லரித்தும் நெருப்பிற்கு இரையாகியும் போனமைக்கு வருந்தும் மரபினராகிய நமக்கு இவ்விழப்பின் அளவு எளிதில் விளங்கும். விற்பனையில் உள்ள ஆட்டத்தை விலை கொடுத்து வாங்குவோம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளை எடைக்குப் போடாமல் காப்போம்.

தன் பெட்டியில் நானூறு ஆட்டங்கள் உண்டு என்று பெருமை கொள்ளும் பிள்ளைக்கு, நல்ல ஆட்டம் ஒன்றை எடுத்துக்காட்டி அருகில் அமர்ந்து ஆடுவது பெற்றோர் கடன். நல்ல பொத்தானும், நீடித்து உழைக்கும் பாட்டரியும், திருத்தமாக ஆக்கப்பட்ட ஓர் ஆட்டமும் இருப்பின் குறைந்த விலைப் பெட்டியும் நிறைந்த இன்பம் தரும். கேம் பாயின் வரலாறு இதற்குச் சான்று.