மற்றவர்கள் வாசித்தபோது

பத்து இசைத்தட்டுகளாகவும் ஏழு குறுந்தகடுகளாகவும் 1990-ல் வெளிவந்த ஒரு தொகுப்பை முழுக்கக் கேட்டு முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நீளம் மட்டும் காரணமல்ல. கேட்பதே சிரமம். இரைச்சலுக்கு நடுவே ஆல்டோ ஸாக்ஸஃபோன் ஒன்று பாதியிலிருந்து தொடங்கும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் போகும். பிறகு கத்தரித்தாற்போல் நின்றுவிடும். அடுத்த துண்டு. அதுவும் அப்படியே. சில துண்டுகள் சில வினாடிகள்தான். அடுத்த வாத்தியக்காரர் ஆரம்பிக்கிறார் என்று காது உணரும் கணத்தில் யந்திரம் நிறுத்தப்பட்டுவிடுகிறது. வாசித்தவர் சார்லி பார்க்கர். யந்திரத்தை நிறுத்தியவர் டீன் பெனடெட்டி என்ற ரஸிகர்.

ஜாஸ் கச்சேரியின் அமைப்பு தெரிந்தால்தான் இந்த நிறுத்தலின் பொருள் புரியும். முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டின் மெட்டை ஒரு தடவை வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசையை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் கற்பனையை விரிப்பார்கள். ஸாக்ஸஃபோன் முடிக்க டிரம்பெட் எடுக்கும். டிரம்பெட் முடிக்க பியானோ எடுக்கும். பின்னால் டிரம்ஸும் பாஸும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் மறுபடியும் மெட்டு. இந்த வரிசையில் ஒருவருடைய முறையை மட்டும் பெனடெட்டி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் வாசித்தபோது தட்டு சுழலவில்லை.

1946 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் பார்க்கர் மனமும் உடலும் நொறுங்கிப் போனார். காமரிலோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்துவிட்டு, 1947-ன் தொடக்கத்தில் வெளியே வந்தார். அந்த மார்ச்சில், அதே ஊரில் ஹை-டி-ஹோ என்ற கிளப்பில், டிரம்பெட் கலைஞர் ஹோவர்ட் மகீயின் குழுவோடு வாசித்தார். பெனடெட்டி அங்கே தூக்கிச் செல்லக்கூடிய ஒரு தட்டு வெட்டும் யந்திரத்தோடு வந்தார். அவரும் ஆல்டோ ஸாக்ஸஃபோன்காரர்தான். அடுத்த வருஷம் நியூயார்க்கில், மார்ச் கடைசியில் த்ரீ ட்யூஸஸ் கிளப்பிலும் ஜூலையில் ஆனிக்ஸ் கிளப்பிலும் பதிவு செய்தார். அப்போது கையில் டேப் யந்திரம் இருந்தது. ப்ளாஸ்டிக் நாடா பரவலாகாத காலம். டேப் காகிதத்தால் ஆனது.

இந்த 1948 என்ற வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் மத்தி வரை இசைத்தட்டுப் பதிவுக்குத் தடை விதித்திருந்தது. கம்பெனிகள் சில தடையை மீறின என்றாலும், மிக வேகமாக மாறிக்கொண்டிருந்த ஓர் இசை பெரும்பாலும் பதிவாகாமலே காற்றில் போயிற்று. 1942 ஆகஸ்டில் தொடங்கிய முந்தைய தடையின்போதும் இதுதான் நடந்தது. அப்போது இந்தப் புதிய இசை பிறந்துகொண்டிருந்தது. இந்த இசையின் வரலாற்றில் ஸ்டூடியோ விட்ட இடத்தில் ரஸிகன்தான் சாட்சி.

சாட்சியம் கண்ணில் படாமல் இருந்த வரை கதை வளர்ந்தது. பார்க்கரின் இசைத்தட்டுகள் சிலவற்றை வெளியிட்ட டயல் கம்பெனியின் உரிமையாளர் ராஸ் ரஸ்ஸல், 1973-ல் பார்க்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் பெனடெட்டி ஒரு பைத்தியக்கார பக்தராக வருகிறார். தன் வாத்தியத்தையே துறந்துவிட்டு, கம்பியில் பதிவு செய்யும் யந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பார்க்கர் போகும் இடமெல்லாம் போகிறார். நல்ல பாத்திரம். நாவலாசிரியன் கைக்குக் கிடைத்தால் விடமாட்டான். பின்னால் தெரிந்த உண்மை எளிமையானது: கம்பி என்று எதுவும் கிடையாது, தட்டுகளும் காகித டேப்பும்தான். வருஷக்கணக்கான பின்தொடரலும் இல்லை. 1947-ல் ஒரு மார்ச் மாதத்துச் சில இரவுகள், 1948-ல் ஓர் இரவும் ஒரு ஜூலை வாரமும். அவ்வளவே.

பார்க்கர் 1955 மார்ச்சில், முப்பத்துநான்கு வயதில் இறந்தார். பெனடெட்டி 1957-ல் இத்தாலியில் இறந்தார். பதிவுகள் அவருடைய சகோதரரிடம் தங்கிவிட்டன. கடைசியில் மொஸைக் என்ற சிறு கம்பெனியின் கைக்கு அவை வந்து சேர்ந்தன. குறைந்த பிரதிகள் போட்டுத் தபால் மூலம் விற்கும் கம்பெனி அது. நம் பத்திரிகைகளின் ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். தட்டுகளையும் டேப்பையும் வரிசைப்படுத்தி, துண்டுகளிலிருந்து பாட்டுகளை அடையாளம் கண்டு, குறிப்புகள் எழுதியவர் ஃபில் ஷாப். 2021-ல் மறைந்த அவர் பார்க்கரின் இசையை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் பல வருஷம் காலை தோறும் ஒலிபரப்பியவர். மெட்டு இல்லாமல், தொடக்கம் இல்லாமல், நடுவிலிருந்து கிழிக்கப்பட்ட இருபது வினாடியைக் கேட்டு அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாடபேதம் பார்க்கிற சுவடிப் பதிப்பாசிரியரின் வேலை இது.

பெனடெட்டி ஏன் நிறுத்தினார்? பணம் ஒரு காரணம். தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிஷங்கள்தான் அடங்கும். வெற்றுத் தட்டுக்கும் விலை உண்டு. ஆனால் சிக்கனம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் டேப் வந்த பிறகு கை கொஞ்சமாவது தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. ஏனென்றால் அவர் கச்சேரியைப் பதிவு செய்யவே இல்லை. பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அந்த விரல் எப்படிப் போயிற்று, அந்த மூச்சு எங்கே முறிந்தது என்று பார்க்க அவருக்குப் பார்க்கர் மட்டும் போதும். அந்த மெல்லிய பூச்சுத் தட்டுகள் ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் தேயும். கற்றுக்கொள்ளும் காரியமே பாடத்தை அழித்துக்கொண்டிருந்தது. சரித்திரத்துக்காகச் சேமிக்கிறவன் இப்படிச் செய்யமாட்டான். அதைச் சரித்திரமாக்கியது நாம்.

ஆனாலும் சரித்திரமாகப் பார்க்கும்போது இழப்பு கண்ணில் உறுத்துகிறது. 1948 ஜூலையில் பார்க்கருக்குப் பக்கத்தில் நின்று டிரம்பெட் வாசித்தது இருபத்திரண்டு வயது மைல்ஸ் டேவிஸ். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அதே பையன் ஒன்பது பேர் குழுவோடு ராயல் ரூஸ்ட் கிளப்பில் மேடையேறி, வேகத்தையும் பெருக்கத்தையும் விட்டு அமைதியான வேறொரு பாதையைத் தொடங்கினார். குருவுக்கு அருகில் இரவு தோறும் நின்றுகொண்டே குருவிடமிருந்து எப்படி விலகினார்? ஜூலை இரவுகளில் கேட்டிருக்கலாம். கேட்க முடியாது. சரியாக அந்த இடத்தில் யந்திரம் நின்றிருக்கிறது.

பார்க்கரையும் இது குறைக்கிறது. இந்த இசையில் ஒருவர் முடித்த சொற்றொடரின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஆரம்பிப்பது உண்டு. டிரம்ஸ்காரர் எதிர்பாராத இடத்தில் போடும் அடிக்குப் பதில் சொல்வது உண்டு. டிரம்பெட் சொன்னது கிடைக்காதபோது பார்க்கர் வானத்திலிருந்து குதித்தவர்போல் ஒலிக்கிறார். தனி மேதை என்ற பிரமை இப்படித்தான் உண்டாகிறது. கேள்விகளையெல்லாம் அழித்துவிட்டுப் பதில்களை மட்டும் அச்சடித்தால் யாரும் தீர்க்கதரிசிதான்.

இதற்கு நேர் எதிரான ஓர் இரவும் இருக்கிறது. 1940 நவம்பர் 7, வட டக்கோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற குளிர் பிரதேசத்து ஊர். க்ரிஸ்டல் பால்ரூம் என்ற நடன மண்டபத்தில் ட்யூக் எல்லிங்டனின் குழு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அனுமதி பெற்று, 16 அங்குலத் தட்டு வெட்டும் யந்திரத்தோடு வந்து உட்கார்ந்து, முடிந்த மட்டும் முழு இரவையும் பதிவு செய்தார்கள். அது கச்சேரிகூட அல்ல. ஜனங்கள் ஆடுவதற்கு வாசித்த சாதாரண வேலை நாள். எல்லிங்டனுக்காகத்தான் வந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. ட்ரம்பெட் பகுதியில் கூடி வில்லியம்ஸ் அப்போதுதான் விலகியிருந்தார். புதிதாக வந்த ரே நான்ஸ் இடம் பிடிக்கத் தடவிக்கொண்டிருப்பது தெரிகிறது. பின்னால், பாஸ் வாத்தியத்தில் ஜிம்மி ப்ளாண்டன். அந்த வாத்தியத்தின் போக்கையே மாற்றியவர். ஒன்றேமுக்கால் வருஷத்தில் காசநோயில் போய்விட்டார், இருபத்துமூன்று வயதில். அந்தத் தட்டுகள் பல வருஷம் கழித்து முறையாக வெளியாகி 1980-ல் க்ராமி பரிசு பெற்றன. பெனடெட்டியின் கை அங்கே இருந்திருந்தால் ப்ளாண்டன் எவ்வளவு மிஞ்சியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்க எனக்கு முடியவில்லை. சபாக்களில் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போன நம் ரஸிகர்கள் விட்டுச்சென்ற ஸ்பூல்களில் சிலவற்றை நண்பர் வீடுகளில் கேட்டிருக்கிறேன். பாட்டு முழுக்க இருக்கும். கல்பனா ஸ்வரம் முடிந்து மிருதங்கத்துக்குத் தனி விடும் இடத்தில் ஒரு க்ளிக். அடுத்து துக்கடா. சில ஸ்பூல்களில் ராக ஆலாபனையில் வயலின் முறையும் இல்லை. டேப் விலை அதிகம். தனியில் எழுந்து காபிக்குப் போகிற சபையில் யந்திரமும் கூடவே எழுந்து போயிற்று. பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று போராடியவர். அவரைப் போன்ற ஒருவருடைய தனி ஆவர்த்தனம் ரஸிகர் வீட்டு ஸ்பூலில்தான் தங்கியிருக்கும். அந்த ஸ்பூல்காரரும் பெனடெட்டியாக இருந்துவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது, இரண்டு நாதங்களில் ஒன்று அழிக்கப்பட்ட கச்சேரி.

நான் யாரையும் குற்றம் சொல்லும் இடத்தில் இல்லை. செல்லப்பாவின் ‘எழுத்து’ பழைய இதழ்கள் கணிசமாக ஒரு காலத்தில் என்னிடம் சேர்ந்தன. இடம் இல்லை. எனக்குப் பிடித்த கவிதைகள் இருந்த பக்கங்களை மட்டும் கிழித்துப் பைண்டு செய்துகொண்டேன். மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அன்றைக்கு அது விமர்சன நேர்மை என்று நினைத்தேன். தேராததைச் சுமப்பானேன்? இப்போது அந்த பைண்டைப் பிரித்தால் கவிதைக்குப் பின்பக்கத்தில் ஏதோ ஒரு கட்டுரையின் நடுப்பகுதி இருக்கிறது. யாரையோ கடுமையாக மறுக்கிறது. எழுதியவர் பெயர் முந்தைய பக்கத்தில் இருந்திருக்கும், முடிவு அடுத்த பக்கத்தில். புதுக்கவிதை யாருக்கு எதிராக, யாருடைய கேலிக்கு நடுவே, யாருடைய சுமாரான கவிதைகளின் தோளில் ஏறி வந்தது என்பதற்கு என் பைண்டில் சாட்சி இல்லை. நல்ல கவிதைகள் மட்டும் இருக்கின்றன, வானத்திலிருந்து குதித்தவைபோல.

விமர்சனம் என்பது பெனடெட்டியின் விரல்தான். நிறுத்தத் தெரியாதவன் விமர்சகன் அல்ல. அந்த இரவுகளில் யார் முக்கியம் என்று அவர் எடுத்த தீர்ப்பு பொய்த்துப் போகவில்லை. சபையில் பாதிப் பேர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவரை வணங்கலாம். ஆனால் காப்பது வேறு காரியம். காப்பவன் தன் ரஸனையைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிட்டு, தனக்குப் பிடிக்காதவனும் வாசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்யும்போது எது எப்போது என்று தெரிய வேண்டும். பழைய பத்திரிகைகளை, கடிதங்களை, ஸ்பூல்களை வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். தேர்ந்தெடுத்துத் தொகுக்கிறேன் என்று யாராவது கேட்டு வந்தால் தேர்ந்தெடுக்கட்டும். மூலத்தைக் கிழிக்க விடவேண்டாம்.

தொகுப்பில் சில துண்டுகள் பார்க்கரோடு ஆரம்பிப்பதில்லை. கை கொஞ்சம் முந்தி யந்திரத்தைத் தொட்டிருக்கிறது. யாரோ முடித்துக்கொண்டிருக்கிற கடைசி ஸ்வரங்கள் இரண்டொன்று தெறித்து விழுகின்றன. தவறிப் பதிவானவை. இப்போதெல்லாம் அவற்றுக்காகவும் காத்திருந்து கேட்கிறேன்.