கழுகுமலைப் பாறைப்படிகள்: காலக்கணிப்புச் சிக்கல்

தூத்துக்குடி மாவட்டத் தொல்லியல் ஆய்வுகளில் கொற்கையும் முத்துக்குளித்துறையும் முதலிடம் பெறுவது இயல்பு. அம்மாவட்டத்தின் உட்பகுதியில், கோவில்பட்டிக்கு மேற்கே அமைந்த கழுகுமலை, பாண்டியர் காலப் பாறைக்கலைக்குத் தலையாய சான்றாகும். கல்வெட்டுகள் இவ்வூரைத் திருநெச்சுரம் என்றும், குன்றினை அரைமலை என்றும் குறிக்கின்றன. இங்குள்ள வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் பெற்ற கவனத்தை, குன்றின் மீது ஏறுவதற்குப் பாறையிலேயே வெட்டப்பட்ட படிகள் பெறவில்லை.

படிகளின் காலத்தைத் துணிவது எளிதன்று. சிற்பத்தின் காலத்தை அதன் கலைப்பாணியும், கல்வெட்டின் காலத்தை அதன் எழுத்தமைதியும் உணர்த்தும். கால் வைக்கும் அளவுக்குப் பாறையைச் செதுக்கிய படியிலோ இவ்விரண்டும் இல்லை. மேலும், உளித்தடத்தை நடமாட்டம் தேய்க்கிறது. தேய்ந்த படி மீண்டும் வெட்டப்படுகிறது. எனவே, 8-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களுக்கு அருகில் இருப்பதாலேயே படிகளும் அந்நூற்றாண்டின என முடிவு செய்தல் பொருந்தாது.

ஏற்றம் இருந்தது என்பதற்கோ வலுவான சான்று உண்டு. பராந்தக நெடுஞ்சடையன் (கி.பி. 768–815) காலத்தை ஒட்டிச் செழித்த இம்மையத்தில் சுமார் 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. திருமேனி செய்வித்தோராகக் குயவர், தச்சர், கொல்லர் ஆகியோரும், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். கோட்டாறு, திருச்சாரணம் போன்ற தொலைவான ஊர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. வெட்டுவான் கோயில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டது. ஆகவே அடியார்க்கு முன்பே சிற்பிகளுக்கு மேலேறும் வழி தேவைப்பட்டிருக்கும். எனினும், இவை வழியின் பழமையை நிறுவுமேயன்றி, இன்றுள்ள ஒவ்வொரு படியின் பழமையையும் நிறுவா.

சமணச் சிற்பங்களை அடுத்து அமைந்த அய்யனார் கோயில், சமணம் மங்கிய பின்னரும் இவ்வழி கைவிடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆதலால் ‘சமணர் படிகள்’ என்னும் பெயர் நெடிய பயன்பாட்டின் ஒரு பகுதியையே சுட்டும்.

சிற்பம் தொல்சின்னமாகப் போற்றப்படுகையில், படி வெறும் வசதியாகக் கருதப்படும் இடர் உள்ளது. கைப்பிடி பொருத்துதல், படியைச் சீரமைத்தல் போன்ற பணிகளுக்கு முன் ஒவ்வொரு படியின் அகலம், உயரம், தேய்மானம், உளித்தடம் ஆகியன பதிவு செய்யப்பட வேண்டும். திருமேனி செய்வித்தோரின் பெயர்களைப் பாறை காத்துள்ளது. ஏறி வந்தோரின் தடம் படிகளின் தேய்மானத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது.