கானா என்ற பெயர் வந்த வழி

கானாவைச் 'சென்னையின் புளூஸ்' என்று சொல்வது பலருக்கும் பழகிவிட்டது. ஒப்புமை தவறில்லை. ஒன்று சென்னை உழைக்கும் மக்களுடையது, மற்றது அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது; இரண்டும் ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டு. பகலெல்லாம் வேறு வேலை பார்த்தவர்கள், குருவும் பாடப்புத்தகமும் இல்லாமல், இரவில் பாடிப் பாடி வளர்த்தவை. ஆனால் அந்த இரண்டு பெயர்களையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், அவை எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்திருப்பது தெரிகிறது. அதைச் சொல்லச் சென்னைக்கு மேற்கே உள்ள பாரிவாக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு சொல்லின் வரலாற்றை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அந்த ஊர்ப் பெயரே நல்ல பாடம்.

பாக்கம் என்றால் குடியிருப்பு, சிற்றூர். சங்க நூல்களிலேயே உள்ள பழைய சொல். உயிரொலிக்குப் பின்னால் தனிப் பகரம் வந்தால் அது பேச்சில் வகரமாக இளகிவிடும். வில்லிவாக்கம், புரசைவாக்கம், பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கம் எல்லாம் அப்படி வந்தவை. முன்னால் மகரம் நின்றாலோ பகரம் இரட்டித்தாலோ இளகாது: நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கீழ்ப்பாக்கம். கதைகளை விட ஒலியே இங்கு நம்பத்தக்க சாட்சி. பக்கத்திலிருக்கும் ஆவடிக்கு, கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே பெயராயின என்று இன்றும் சொல்வார்கள். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1960களில். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடியபோதே அந்த ஊர் ஆவடிதான். கேட்கச் சுவையாக இருக்கும் விளக்கம் எப்போதும் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

கானாவுக்கும் அப்படியொரு விளக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரியோடு அதற்கு முடிச்சுப் போட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைப் பாட்டு, வடசென்னையும் கடற்கரை. பொருத்தம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் கானல் என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கல் என்பதில் வரும் ககரம் போல அழுத்திச் சொல்கிறோம். கானாவின் முதல் எழுத்தை எந்த வடசென்னைக்காரரும் அப்படிச் சொல்வதில்லை. கோலி குண்டு என்பதில் வரும் குகரம் போல மெலிந்தே ஒலிக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் அந்த மெலிந்த ஒலியோடு தொடங்குவது மரபில்லை. வெளியிலிருந்து வந்த சொல் என்பதற்கு இதுவே போதும்.

எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லின் கடைசி எழுத்து சொல்லிவிடுகிறது. வடமொழியின் கான என்ற சொல்லைத் தமிழ் எப்போதோ எடுத்து, தானம், வனம் போல மகர ஈறு சேர்த்துக் கானம் ஆக்கிக்கொண்டது. கோயிலும் ஏடும் கச்சேரியும் அறிந்த சொல் அது. கானா அதன் உடன்பிறப்பு, ஆனால் வேறு வாசல் வழியாக வந்தது. இந்தியிலும் உருதுவிலும் பாட்டுக்கும் பாடுவதற்கும் கானா என்றே பெயர். அந்த வழியாக வந்த சொற்கள் மகர ஈறு வாங்காமல் ஆகாரத்திலேயே நிற்கும்: தர்கா, மசாலா, தமாஷா, நாஷ்டா, மஜா. ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்களில் ஒன்று புலவரிடம் போயிற்று, மற்றொன்று கடைத்தெருவுக்கு வந்தது.

அந்தக் கடைத்தெரு எது என்று கேட்டால், ஆர்க்காட்டு நவாப் குடியேறிய சேப்பாக்கத்தையும் திருவல்லிக்கேணியையும் காட்டுவார்கள். சேப்பாக்கம் அரண்மனை 1768ஐச் சேர்ந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியில், பூந்தமல்லி ஒரு நிர்வாகத் தலைமையிடம். சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர்கள் பூந்தமல்லி அதிகாரியோடுதான் வரிக்கும் வழக்குக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தக்கணத்து உருது இந்த மேற்குப் பக்கத்துக்கும் புதிதல்ல. பேஜாரும் குஷியும் தௌலத்தும் சென்னைத் தமிழில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருப்பது அந்த நீண்ட பழக்கத்தால்தான். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபைக் கானாவின் மூதாதை என்பார்கள். ஆனால் அவர் பாடல்கள் கண்ணி என்றும் கீர்த்தனை என்றுமே பெயர் பெற்றன. கானா என்பது ஏட்டில் இட்ட பெயரல்ல, தெருவில் கூப்பிட்ட பெயர்.

புளூஸின் கதை நேர்மாறானது. மனச்சோர்வு பிடித்தவனை 'நீலப் பிசாசுகள்' பிடித்திருப்பதாக ஆங்கிலேயர் சொல்லி வந்தார்கள். பிசாசு உதிர்ந்து நிறம் மட்டும் நின்றது. 1862இல் தென் கரோலினா தீவொன்றில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்குப் பாடம் சொல்லப் போன கறுப்பின ஆசிரியை சார்லட் ஃபோர்டன், தன் நாட்குறிப்பில் அந்தச் சொல்லைத் தன் மனநிலைக்குத்தான் எழுதினார், பாட்டுக்கு அல்ல. டபிள்யூ. சி. ஹேண்டியின் மெம்ஃபிஸ் புளூஸ் 1912இல் அச்சில் வந்தது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய கிரேஸி புளூஸ் இசைத்தட்டு விற்ற விற்பனைக்குப் பிறகு அந்தப் பெயர் ஓர் இசை வகைக்கே நிலைத்தது. அங்கே துயரத்தின் பெயர் பாட்டுக்கு வந்தது. இங்கே வெறும் 'பாட்டு' என்று பொருள்பட்ட சொல், சாவு வீட்டின் துயரத்தைச் சுமக்கக் கற்றுக்கொண்டது.

அதை எப்படிச் சுமக்கிறது என்று பார்க்க மரண கானாவுக்குப் போய் உட்கார வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல், வாடகை நாற்காலிகள், சீரியல் விளக்குக்கு நடுவே மாலை போட்ட படம். பாடுகிறவர் தொடங்குவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார். டோலக் கிடைத்தால் டோலக், இல்லையென்றால் மேசைப் பலகை. பழைய மெட்டுதான், ஆனால் அந்த வீட்டுப் பெயர்கள் அதில் வந்து விழும்போது கூட்டத்தில் யாரோ ஒருவர் வாய்விட்டு அழுதுவிடுவார். அந்தப் பெயர்களைத் தாளம் பிசகாமல் உட்கார வைப்பதுதான் வித்தை. எந்தக் கல்லூரியும் இதற்குப் பட்டம் தருவதில்லை.

புறநகரில் கிட்டார் வாங்கி, புளூஸ் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்றாவது கம்பியை விரலால் மேலே தள்ளி, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். புளூஸின் உயிர் அங்கே இருக்கிறது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நாட்டில் பிறந்த காதுக்கு அந்த இடம் அந்நியமில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கத்துத் தெருக் கானாவையும் அதே கவனத்தோடு கேளுங்கள்.

கானா மேற்கே பரவியதில் பேருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போன மாணவர்கள் பேருந்துத் தகரத்தில் தாளம் தட்டிப் பாடியதை அந்தச் சாலையில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். ஒரு பேருந்துத் தடத்து மாணவர்களின் தலைவனைக் குறிக்கும் 'ரூட்டு தல' என்ற சொல் அங்கே பிறந்த பட்டம். ஆவடிக்கு அருகே கரலப்பாக்கத்தில் வளர்ந்த பா. ரஞ்சித், 2012இல் வந்த தன் முதல் படமான அட்டகத்தியில் அந்த உலகத்தையே காட்டினார். கானா பாலாவின் குரல் தமிழ்நாடெங்கும் போய்ச் சேர்ந்ததும் அந்தப் படத்தில்தான். பின்னர் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கூடப்பாக்கத்துக்கும் அத்திப்பட்டுக்கும் அனுப்பப்பட்டபோது, பாட்டும் அவர்களோடு மேற்கே வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் மேடையில் ராப், ராக் இசைகளுக்குச் சமமாகக் கானா நின்றது. அங்கே பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

இப்போது சொல் இன்னொரு படி ஏறியிருக்கிறது. 2006இல் சித்திரம் பேசுதடி படத்தில் பாடிய உலகநாதன் 'கானா உலகநாதன்' ஆனார். பாலமுருகன் 'கானா பாலா' ஆனார். புலவர், வித்துவான் என்பவை போல, பெயருக்கு முன்னால் வைக்கும் பட்டமாகிவிட்டது கானா. அரசோ சபாவோ கொடுக்காமல் தெருவே கொடுக்கும் பட்டம் அது. தமிழகராதிகள் அடுத்த பதிப்பில் கானா என்ற சொல்லுக்கு மூன்று பொருளும் தர வேண்டும்: பாட்டு, சென்னை உழைக்கும் மக்களின் இசை வகை, அதைப் பாடுகிறவரின் சிறப்புப் பெயர்.