பதவி நீக்கமும் குற்றவியற் பொறுப்பும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

நாட்டின் தலைவர் ஒருவர் மீது பாராளுமன்றம் குற்றப்பிரேரணை கொண்டுவருமாயின், பின்னர் அவருக்கெதிராகக் குற்றவியல் வழக்குத் தொடர்வதற்கு அது துணையாகுமா, தடையாகுமா? இவ்வினா சட்ட அறிஞருக்கு மட்டும் உரியதன்று. விசாரணையோ தீர்ப்போ இன்றி, பாராளுமன்ற வாக்கினால் மட்டும் உரிமை இழந்த அனுபவம் பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமைத் தோட்ட மக்களுக்கு உண்டு. தண்டிக்க வேண்டியது பாராளுமன்றமா, நீதிமன்றமா என்பது அவர்களது வரலாற்றோடு பிணைந்த வினாவாகும்.

முதலில் சட்டத்தை நோக்குவோம். 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 38 ஆம் உறுப்புரை சனாதிபதியைப் பதவி நீக்கும் முறையை வகுக்கின்றது. யாப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு கூடிய ஊழல் முதலியன அதற்குரிய காரணங்களாம். பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் பிரேரணையை நிறைவேற்றி உயர் நீதிமன்றத்தின் விசாரணைக்கு அனுப்புதல் வேண்டும்; நீதிமன்றம் குற்றங்கண்டு அறிக்கையிட்டால், மீண்டும் அதே பெரும்பான்மையால் அவரை நீக்கலாம். இதன் பயன் பதவி நீக்கம் மட்டுமே. சிறையோ அபராதமோ அன்று. மறுபுறம், 35 ஆம் உறுப்புரை தரும் விடுபாட்டுரிமை பதவியில் இருக்குங் காலத்திற்கே உரியது. அக்காலம் வழக்குத் தொடர்வதற்கான காலவரையறையிற் சேர்க்கப்படுவதுமில்லை. எனவே வழக்கின் கதவைத் திறப்பது குற்றப்பிரேரணையன்று, பதவி முடிவதே. எவ்வழியில் முடிந்தது என்பது பொருட்டன்று.

ஒரே குற்றத்திற்கு ஒருவரை இருமுறை விசாரிக்கலாகாது என்னும் கோட்பாடு இங்குத் தடையாகுமா எனச் சிலர் வினவக்கூடும். தண்டனை விதிக்கும் அதிகாரமற்ற விசாரணை குற்றவியல் விசாரணையாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஆயினும் வேறொரு சிக்கல் உண்டு. உயர் நீதிமன்றம் முன்னரே ஒருவரைக் குற்றவாளி எனக் கண்டிருக்குமாயின், பின்னர் மேல் நீதிமன்றம் திறந்த மனத்தோடு அவரை விசாரித்தல் எங்ஙனம்? இறுதி மேன்முறையீடும் அதே உயர் நீதிமன்றத்திற்கே செல்லும். இலங்கையில் எந்தச் சனாதிபதியும் இவ்வழியில் நீக்கப்படாமையால் இவ்வினா இன்னும் விடை பெறவில்லை.

பிற நாட்டு அனுபவமும் ஈண்டு நோக்கற்பாலது. நீக்கப்பட்டவர் பின்னரும் வழக்கிற்கு உள்ளாவார் என்பதை அமெரிக்க யாப்பு வெளிப்படையாகவே கூறுகின்றது. செனற் சபை முதலிற் குற்றவாளியாகக் கண்டால் மட்டுமே வழக்குத் தொடரலாம் என்ற டிரம்பின் வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 இல் ஏற்கவில்லை. எனினும் உத்தியோகபூர்வச் செயல்களுக்குப் பரந்த விடுபாட்டை அது வழங்கியது. தென் கொரியாவில் பார்க் குன் ஹே 2017 மார்ச்சு மாதத்தில் நீக்கப்பட்டு, அதே மாதத்திற் கைதானார்.

இலங்கை நடைமுறை மேற்கூறிய சட்ட நிலையை உறுதிப்படுத்துகின்றது. 1991 இல் சனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரான பிரேரணை, செல்லுபடியான கையொப்பங்கள் போதா எனச் சபாநாயகரால் நிராகரிக்கப்பட்டது. அது அவரைக் குற்றமற்றவர் என்று கூறிய தீர்ப்பன்று. 2019 இல் கோத்தாபய ராஜபக்ச சனாதிபதியானதும், அவர் மீதிருந்த ஊழல் வழக்கிலிருந்து விடுபாட்டுரிமையின் பேரில் விடுவிக்கப்பட்டார். 2022 யூலையில் அவர் பதவி துறந்தார். பொருளாதாரச் சீரழிவிற்கு அவரும் வேறு சிலரும் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஃது அடிப்படை உரிமை வழக்கே, குற்றவியல் வழக்கன்று. முன்னாட் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அரச நிதி தொடர்பான குற்றச்சாட்டில் 2025 ஆகஸ்டு மாதத்திற் கைதானபோதும் குற்றப்பிரேரணை எதுவும் முன்னிகழவில்லை.

பாராளுமன்றமே தண்டனை வழங்கிய நிகழ்ச்சி 1980 இல் நேர்ந்தது. 1978 ஆம் ஆண்டின் விசேட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் கடந்த காலச் செயல்களையும் விசாரிக்க இடமளித்தது. அவ்வாணைக்குழுவின் பரிந்துரைப்படி, முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகளை 1980 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏழாண்டுகளுக்குப் பறித்தது. 1986 இல் அவை மீளளிக்கப்பட்டன. பறித்ததும் அரசியல், மீளளித்ததும் அரசியல். இரண்டிலும் குற்றவியல் நீதிமன்றத்திற்கு இடமிருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை ஊவாத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து அதன் பொருள் தெளிவாகும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு பெற்ற ஏழு ஆசனங்களுள் பதுளையும் ஒன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்கை எடுத்துக்கொண்டன. 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. 1973–74 இல் தோட்டங்கள் பசிச்சாவுகளைக் கண்டன. அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிட்டவரும், பஞ்சக் காலத்தில் ஆட்சியில் இருந்தவரும் அதே பிரதமரே. ஆயினும் 1980 இன் தண்டனையால் தோட்டத் தொழிலாளிக்கு யாதொரு நீதியும் கிட்டவில்லை. அவனிடமிருந்து வாக்கைப் பறித்த கருவியை ஒத்ததொன்றே தலைவர் மீதும் பயன்பட்டது, அவ்வளவே.

மாகாண மட்டத்தில் நிலைமை வேறு. முதலமைச்சருக்குச் சனாதிபதிக்குரிய விடுபாட்டுரிமை இல்லை. பதுளைத் தமிழ்ப் பாடசாலை அதிபர் ஒருவர் முழந்தாளிட வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டில், ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க 2018 சனவரியில், பதவியில் இருக்கும்போதே கைதாகிப் பிணையில் வந்தார். முதலமைச்சர் காலத்து நிதி விவகாரங்கள் தொடர்பான குற்றச்சாட்டில், 2025 மார்ச்சில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவரைக் கைது செய்தது. குற்றச்சாட்டுகள் மெய்யா பொய்யா என்பது நீதிமன்றுக்குரியது. ஆனால் சட்டத்தின் முன் நிறுத்த எந்தச் சபையின் மூன்றில் இரண்டு பங்கும் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது.

ஆகவே, குற்றப்பிரேரணை வென்றாலும் தோற்றாலும் குற்றவியற் பொறுப்பு அதனாற் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. புதிய யாப்பு ஒன்று வரையப்படுமாயின், இவ்விதியை வெளிப்படையாகவே எழுதுதல் வேண்டும். பாராளுமன்ற வாக்கினால் எவருடைய குடியியல் உரிமையையும் பறிக்கும் அதிகாரத்தையும் நீக்குதல் வேண்டும். அவ்வதிகாரம் தலைவர்களை ஏழாண்டுகள் மட்டுமே தண்டிக்கக் கருதியது. தோட்ட மக்களையோ அத்தகைய அதிகாரம் தலைமுறைகளாகத் தண்டித்தது.