சிறைச்செலவு எவர் கணக்கில்? கலிபோர்னிய நன்னடத்தை மானியத்தின் வரலாறு

நன்னடத்தைக் கண்காணிப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் அறநோக்கத்திலிருந்தே தொடங்குவர். பாஸ்டன் நகரக் காலணித் தொழிலாளர் ஜான் அகஸ்டஸ் 1841ஆம் ஆண்டு குடிப்பழக்கத்திற்கு ஆளான ஒருவரைப் பிணையில் எடுத்துத் திருத்த முன்வந்த நிகழ்ச்சி எல்லா நூல்களிலும் இடம்பெறும். அவர் இப்பணியை ஊதியமின்றிச் செய்தார் என்பதும், தம் பொருளையும் நண்பர்தம் உதவியையும் கொண்டே நடத்தினார் என்பதும் அத்துணை வலியுறுத்தப்படுவதில்லை. 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஊதியம் பெறும் அதிகாரியை நியமிக்கச் சட்டம் இயற்றியதும், அவ்வூதியம் எக்கருவூலத்திலிருந்து வருவது என்னும் வினாவும் உடன் பிறந்தது. அவ்வினா எத்தகைய விளைவுகளை உண்டாக்க வல்லது என்பதைக் கலிபோர்னிய மாநிலத்தை முன்வைத்து இங்கு ஆராய முற்படுகின்றோம்.

கலிபோர்னியாவில் 1903இல் நன்னடத்தைச் சட்டம் இயற்றப்பட்டது. கண்காணிப்புப் பணி கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் பொறுப்பாயிற்று. அதிகாரிகளின் ஊதியத்தையும் அவையே ஏற்றன. சிறைச்சாலைகளையோ மாநில அரசு நடத்தியது. ஒருவரை ஊரிலேயே வைத்துத் திருத்த முயன்றால் செலவு மாவட்டத்திற்கு; மாநிலச் சிறைக்கு அனுப்பிவிட்டால் மாவட்டத்தின் கணக்கேட்டில் ஒரு காசும் ஏறாது. அதிகாரியிடம் ஏற்கெனவே அளவுக்கு மீறிய பொறுப்பு குவிந்திருக்கையில், நீதிபதியும் சிறையையே நாடுவது இயல்பு. தண்டனைக் கோட்பாடுகள் பற்றிய வாதங்களைவிட இக்கணக்கேடே அக்காலத் தீர்ப்புகளை மிகுதியாக வழிநடத்தியது என்பது நம் கருத்து.

1965இல் மாநிலச் சட்டமன்றம் இக்கணக்கைத் தலைகீழாக்கியது. மாவட்டம் ஒன்று தன் முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிடக் குறைவாக மாநில நிலையங்களுக்கு ஆள் அனுப்பினால், குறைந்த ஒவ்வொருவருக்கும் 4,000 டாலர் வரை மானியம் பெறலாம். அப்பணத்தைக் கொண்டு, ஓர் அதிகாரியிடம் மிகச் சிலரே ஒப்படைக்கப்படும் தனிப் பிரிவுகளை அமைத்தல் வேண்டும். பங்கேற்பு கட்டாயமன்று. எனினும் மாவட்டங்கள் பலவும் சேர்ந்தன. மாநில நிலையங்களுக்கு அனுப்பப்படுவோர் தொகையும் குறைந்தது.

ஆள்பலத்தைப் பெருக்கினால் போதும் என்னும் நம்பிக்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1967இல் அமெரிக்க அதிபர் அமைத்த குற்றவியல் ஆணையம், அதிகாரி ஒருவருக்குச் சராசரி 35 பேர் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக் கூட்டரசு அதிகாரிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. குறைந்த எண்ணிக்கையினரை நெருங்கிக் கண்காணித்தமையால் புதிய குற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நிபந்தனை மீறல்களே அதிகம் பதிவாயின. கண்கள் கூடின, பிடிபட்டவையும் கூடின! மானியத் திட்டத்திலும் இதற்கொப்பான ஒரு முரண் வெளிப்பட்டது. மாநில நிலையங்களுக்குச் செல்லாத இளையோர் உள்ளூர்த் தடுப்பு நிலையங்களில் மிகுதியாக அடைக்கப்பட்டனர் என்பதைப் பால் லெர்மன் 1975இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார்.

திட்டத்தை வீழ்த்தியது இம்முரண் மட்டுமன்று. பணவீக்கம் ஏறியபோதும் மானியத் தொகை அதற்கேற்ப உயர்த்தப்படவில்லை. ஆபத்தானவர்கள் தெருவில் விடப்படுகின்றனர் எனக் காவல்துறையினர் குறைகூறினர். 1978இல் வேறொரு மானியத் திட்டம் இதன் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டிற்குக் கட்டுப்படுத்தவே, அவ்வரியை நம்பியிருந்த மாவட்டங்களின் வருவாய் சரிந்தது. தீயணைப்பும் காவலும் கேட்கும் குடிமக்கள் உண்டு. நன்னடத்தை அதிகாரிக்காகக் குரல் கொடுப்பார் எவர்? பின்னாளில் ஓர் அதிகாரியின் பெயரில் நூற்றுக்கணக்கானோர் ஏட்டளவில் மட்டும் கண்காணிக்கப்படும் நிலை உருவாயிற்று.

பழைய எண்ணம் 2009இல் நிதி நெருக்கடிக்கிடையே மீண்டும் உயிர்பெற்றது. கண்காணிப்பில் இருப்போர் தவறிச் சிறைசெல்வதை மாவட்டம் குறைத்தால், மாநிலம் மிச்சப்படுத்தும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு எனச் சட்டம் வகுத்தது. தொடக்கத்தில் கூட்டரசின் மீட்பு நிதியிலிருந்து 45 மில்லியன் டாலர் வழங்கப்பட்டது. 2006 முதல் 2008 வரை 7.9 விழுக்காடாக இருந்த தவறுவோர் விகிதம் 2010இல் 6.1 விழுக்காடாயிற்று. 1965ஆம் ஆண்டுத் திட்டம் சிறைக்கு அனுப்பும் தீர்ப்பையே அளவிட்டது. இச்சட்டம் கண்காணிப்பின் விளைவை அளவிட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று.

2011 அக்டோபர் முதல், கடுமையல்லாத குற்றங்கள் பலவற்றிற்கான தண்டனையும், சிறைமீண்டோர் பலரைக் கண்காணிக்கும் பணியும் மாவட்டங்களுக்கே மாற்றப்பட்டன. இம்முறை பொறுப்போடு விற்பனை வரியின் ஒரு பகுதியும் உடன் சென்றது. 13ஆம் முன்மொழிவின் நினைவு மாறாத மாவட்டங்கள் சட்டமன்றத்தின் வாக்குறுதியோடு நிறைவடையவில்லை. அந்நிதிக்கான உறுதி 2012 நவம்பரில் வாக்காளர்தம் ஒப்புதலுடன் மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.